மதுரை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் வேண்டுமா? பந்தயத்தடத்தில் ஓடும் காருக்கு எஞ்சின் ஆயில் தேர்வு

2025 மார்ச் 2 – திருநகர் வாசகர் கேட்டது

அண்ணே, சில ஆண்டுகள் ஓடிய ஆடி டிடி ஒன்றை வாங்கியிருக்கிறேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல். வார நாள்களில் திருநகருக்கும் கப்பலூருக்கும் இடையே ஓடும். விடுமுறை கிடைக்கும்போது கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறேன். அடுத்த ஆண்டு தொழில்முறை அல்லாதவர்களுக்கான போட்டியில் இறங்க ஆசை. கையேட்டில் விடபிள்யூ 502 00 (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆயில் தரம்) தகுதி பெற்ற ஆயில் என்று போட்டிருக்கிறது. கடையில் கேட்டால் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டையும் எடுத்து வைக்கிறார்கள். எங்கள் மெக்கானிக்கோ, பூஜ்ஜியம் என்பது பனிநாட்டுக்கானது, மதுரை வெயிலில் அது தண்ணீராகிவிடும், பந்தயம் ஓட்டுகிறவன் 20டபிள்யூ-50 அல்லது 10டபிள்யூ-60 ஊற்றினால்தான் எஞ்சின் பிழைக்கும் என்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

2025 மார்ச் 2, இரவு

தம்பி, உங்கள் மெக்கானிக்கின் அச்சம் நியாயமானது. அதற்கு அவர் காட்டும் காரணம்தான் பொருந்தவில்லை. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எஸ்ஏஇ ஜே300 என்னும் தர அட்டவணைப்படி 0டபிள்யூ ஆயிலைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியற்காலையிலும் மதுரைக்கு அந்தக் குளிர் வரப்போவதில்லை. சூட்டில் என்ன ஆகும் என்பதைச் சொல்வது பின்னால் உள்ள எண். அது 100 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுத்தன்மையை, அதாவது கெட்டியைக் குறிக்கிறது. அதன் அலகு சென்டிஸ்டோக்: 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 0டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் 100 டிகிரியில் ஒரே வரம்புக்குள் நிற்க வேண்டியவை. ஆகவே முன்னால் பூஜ்ஜியம் இருப்பதால் வெயிலில் தண்ணீராகிவிடும் என்பதற்கு இடமில்லை.

முன் எண் நமக்குத் தேவையே இல்லை என்றும் முடிவு கட்ட வேண்டாம். 40 டிகிரியில், அதாவது சித்திரை மாத நண்பகலில் நிழலில் நிற்கும் காரின் சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்), நல்ல 0டபிள்யூ-40 ஆயில் சுமார் 75 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50 அதன் இருமடங்குக்கு மேல் இருக்கும். அவ்வளவு கெட்டியான ஆயிலை வைத்துக்கொண்டு, சூடேறுவதற்கு முன்பே எஞ்சினை வேகமாகச் சுழற்றினால், பில்டரில் உள்ள பைபாஸ் வால்வு திறந்துகொண்டு, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். நம் ஊர் வெப்பநிலையிலும் எஞ்சினைப் பொறுத்தவரை காலை நேரம் குளிர்காலந்தான்.

2025 மார்ச் 3

கேட்க விட்டுப்போன ஒன்று. ட்ராக்கில் ஓடும்போது உங்கள் ஆயிலின் வெப்பநிலை எத்தனை டிகிரி வரை போகிறது? அது தெரியாமல் கிரேடு, அதாவது 40, 50 என்ற அந்தப் பின் எண்ணைப் பேசுவதில் பயனில்லை. கூலன்ட் முள் நடுவில் நிற்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. கூலன்ட் 95 டிகிரியில் அமைதியாக நிற்கும்போதே ஆயில் 130ஐத் தாண்டலாம். காரின் திரையில் ஆயில் வெப்பநிலை காட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால், பில்டர் அமரும் இடத்தில் இடைத்தட்டு ஒன்றைப் பொருத்தி, வெப்பநிலை, அழுத்தம் இரண்டுக்கும் சென்சார் மாட்டுங்கள். விலையுயர்ந்த ஆயிலுக்குச் செலவிடும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடலாம்.

2025 மார்ச் 6

இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்வதே முறை என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

புதூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் எஞ்சின் பிரித்துக் கட்டும் பட்டறை நடத்துகிறேன். எஸ்டீம் எஞ்சின் பொருத்திய ஒற்றை இருக்கை பந்தய வண்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். பிரித்த எஞ்சினில் நான் முதலில் பார்ப்பது கனெக்டிங் ராடின் பேரிங்கை. பிஸ்டனின் சுமை முழுவதும் அந்த மெல்லிய பேரிங் வழியாகத்தான் கிராங்குக்கு இறங்குகிறது. தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய கணக்கு. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.05 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குள் சுழற்சியின் வேகத்தால் உருவாகும் சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலமே உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. அந்தப் படலத்தின் கனம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சுழலும் வேகம், மேலே விழும் சுமை, அந்த இடத்தில் அந்த வெப்பநிலையில் ஆயிலுக்கு எஞ்சியிருக்கும் பாகுத்தன்மை. வெளியே வெயில் எவ்வளவு என்ற கேள்வி இந்தக் கணக்கில் நேரடியாக வருவதில்லை.

100 டிகிரியில் 13.5 சென்டிஸ்டோக் உள்ள 40 கிரேடு ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 120 டிகிரியில் அது சுமார் 9க்கு இறங்கிவிடும். 130இல் 8க்குச் சற்றுக் கீழே. 140இல் 7ஐக் கூடத் தொடாது. 100 டிகிரியில் 18 உள்ள 50 கிரேடு ஆயில் 130 டிகிரியில் சுமார் 10இல் நிற்கும். ஆக, ஆயிலின் சூட்டை 130இலிருந்து 115க்குக் கொண்டுவர முடிந்தால், கிரேடு மாற்றாமலேயே ஏறக்குறைய ஒரு கிரேடு உயர்ந்த பலன் கிடைத்துவிடுகிறது. நான் திரும்பத் திரும்ப வெப்பநிலையைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு எண்ணும் உண்டு. டப்பாவின் முகப்பில் அது இருக்காது, ஆயில் நிறுவனத்தின் விவரத்தாளில் தேட வேண்டும். 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் நேர்வதைப் போன்ற கடும் இழுப்பில் அளக்கும் பாகுத்தன்மை அது, சுருக்கமாக எச்.டி.எச்.எஸ். என்பார்கள். 5டபிள்யூ-40 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேடு ஆயிலில் சூட்டுக்குக் கெட்டி கொடுப்பதற்காகச் சேர்க்கும் பாலிமர் இழைகள், பேரிங்கின் இறுக்கத்துக்குள் நுழையும்போது ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்கின்றன. அப்போது டப்பாவில் அச்சிட்ட எண் தரும் கெட்டி அங்கே கிடைப்பதில்லை. அந்த நிலையில் என்ன மிஞ்சுகிறது என்பதை எச்.டி.எச்.எஸ். காட்டுகிறது. மில்லிபாஸ்கல்-நொடி என்ற அலகில் 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆகியவற்றுக்கு 3.5, 15டபிள்யூ-40க்கும் 50, 60 கிரேடுகளுக்கும் 3.7. ஏசிஇஏ ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தரத்தின் கீழ் வரும் ஆயில், 5டபிள்யூ-30 ஆகவே இருந்தாலும், 3.5க்குக் குறையக் கூடாது. உங்கள் கையேடு கேட்கும் 502 00 தகுதியும் அந்த 3.5ஐக் கேட்கிறது. ஒரே 5டபிள்யூ-30 என்று அச்சிட்ட இரண்டு டப்பாக்களில் ஒன்று 2.9 ஆகவும் மற்றொன்று 3.5 ஆகவும் இருக்கக்கூடும். ட்ராக்கில் இவை இரண்டும் ஒரே ஆயில் ஆகா.

2025 மார்ச் 7

மேலூரிலிருந்து ஒருவர், லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலில் தேய்மானம் தடுக்கும் ஜிங்க் அதிகம், விலையும் குறைவு, அதையே ஊற்றினால் என்ன என்று கேட்கிறார். பழைய எஸ்டீம் எஞ்சினுக்கு ஊற்றி ஓட்டியவர்கள் உண்டு. பெரிய கேடு வந்ததாக நான் பார்த்ததில்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீச்சும் டர்போ எஞ்சினுக்கு அது கூடாது. இவ்வகை எஞ்சினில், குறைந்த சுழற்சியில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைப்பதற்கு முன்னமே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளியும் அதற்கு ஒரு காரணம்; ஆயிலில் கால்சியம் சார்ந்த அழுக்குநீக்கிகள் மிகுந்திருந்தால் அது கூடுகிறது. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்க ஆயில் தரத்தில் இதற்கெனத் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். கால்சியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக மக்னீசியம் சேர்ப்பது அதனால்தான்.

இந்த நோய் ட்ராக்கில் வருவதைவிட வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில், உயர்ந்த கியரிலேயே வண்டியை இழுக்கவிடும்போது வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே காரைச் சாலையிலும் தடத்திலும் ஓட்டுகிறவர் இரண்டுக்கும் சேர்த்தே ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

2025 மார்ச் 15

வெளி வெயில் நேரடியாகக் கணக்கில் வராது என்று 6ஆம் தேதி எழுதியதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் மதுரைக்காரர் கவலையே பட வேண்டாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நேரடியாக வராது; ஆயில் கூலர் வழியாக வரும். அந்த வேறுபாட்டை விரித்துச் சொல்கிறேன்.

ஆயிலின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும்படி அமைந்த எஞ்சின்களில், ரேடியேட்டருக்குத் தாங்கு திறன் மிச்சமிருக்கும் வரை தெர்மோஸ்டாட் கூலன்டை ஒரே நிலையில் பிடித்து வைக்கிறது. சாலையில் 28 டிகிரி நாளுக்கும் 40 டிகிரி நாளுக்கும் ஆயில் சூட்டில் பெரிய வேறுபாடு தெரியாமல் இருப்பது இதனால்தான். ட்ராக்கில் அந்த மிச்சம் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஆயிலும் கூடும். காற்றில் நேரடியாகக் குளிரும் தனி ஆயில் கூலர் பொருத்திய வண்டிகளுக்கும் இதே கணக்குத்தான். கத்திரி வெயிலில் பிற்பகல் ஓட்டத்துக்கும் மார்கழிக் காலை ஓட்டத்துக்கும் 15 டிகிரி வேறுபாடு இருந்தால், ஆயிலிலும் அந்த 15ஐ எதிர்பார்க்கலாம். மேலே எழுதியபடி, 15 டிகிரி என்பது ஏறக்குறைய ஒரு கிரேடு. உங்கள் மெக்கானிக்கின் அச்சம் நியாயமானது என்று தொடக்கத்தில் எழுதியது இதை எண்ணித்தான்.

அவர் தலைமுறை பழகிய அம்பாசிடர், பத்மினி எஞ்சின்களின் பேரிங் இடைவெளிகள் தாராளமானவை, அன்றைய மினரல் ஆயில்கள் சூட்டில் விரைவாக இளகுபவை. அந்த எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமான முடிவு. அனுபவம் பொய்யன்று, அது எந்த எஞ்சினில் பெற்ற அனுபவம் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

2025 மார்ச் 16

ஆமணக்கெண்ணெய் பற்றிக் கேட்ட வாசகருக்கு: உண்மைதான், ஒரு காலத்தில் பந்தய எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து 1909இல் வந்தது. சூட்டிலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் விரைவில் பிசினாகிப் பிஸ்டன் வளையங்களை ஒட்டவைத்துவிடும். மினரல் ஆயிலோடும் சரியாகக் கலக்காது. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் எஞ்சினைப் பிரிக்க அணியமாக இருந்தவர்களுக்கு அது சரிப்பட்டது. இன்று உலோகத்தைப் பற்றும் அந்தக் குணத்தை எஸ்டர் வகைச் செயற்கை ஆயில்கள் பிசின் இல்லாமல் தருகின்றன.

2025 மார்ச் 30

திருநகர்த் தம்பி நேற்று கரி ஸ்பீட்வேயில் ஓட்டிவிட்டு எண்களை அனுப்பியிருக்கிறார். 5டபிள்யூ-40 ஊற்றி, பிற்பகலில் தொடர்ந்து இருபது நிமிட ஓட்டம். ஆயில் 132 டிகிரி வரை ஏறியிருக்கிறது. 6,000 சுழற்சியில் அழுத்தம் தொடக்கத்தில் இருந்ததைவிட ஓட்டத்தின் இறுதியில் தெளிவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் 4 பாருக்கு மேலேயே நின்றிருக்கிறது. ஆயிரம் சுழற்சிக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்பது பந்தயப் பட்டறைகளில் புழங்கும் பழைய அளவுகோல். அதன்படி 6,000க்கு 4.2 பார் வேண்டும். எல்லையில் நிற்கிறார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் உடனே 10டபிள்யூ-60க்குத் தாவுகிறார்கள். அந்த ஆயிலின் புகழுக்குக் காரணம் பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு. எம்3 காரின் எஸ்54, எஸ்65 போன்ற உயர்சுழற்சி எஞ்சின்களுக்கு அந்நிறுவனமே 10டபிள்யூ-60 குறித்தது. அதை வைத்து, பந்தயம் என்றாலே 60 என்று எண்ணக் கூடாது. உங்கள் எஞ்சினின் ஆயில் பம்பும் பேரிங் இடைவெளியும் டர்போவுக்குப் போகும் குழாயின் துளையும் 40 கிரேடைச் சுற்றி வகுக்கப்பட்டவை. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் அழுத்தமுள்ளை உயர்த்திக் காட்டும். அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு எதிரான தடை என்பதை மறந்துவிடக் கூடாது. மிகும் அழுத்தத்தை வடிக்கும் ரிலீப் வால்வு திறந்துவிட்டால், பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். அதோடு கெட்டியான ஆயில் பேரிங்குக்குள் தன்னைத்தானே உரசிக் கூடுதலாகச் சூடேறுகிறது. என் ஒற்றை இருக்கை வண்டியில் 20டபிள்யூ-50இலிருந்து நல்ல செயற்கை 10டபிள்யூ-40க்கு மாறியபோது, அதே தடத்தில், அதே வேகத்தில், ஆயில் சூடு சில டிகிரி குறைந்தது. சூடு குறைந்ததால் இழந்த கெட்டியில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டது.

ஆகவே இவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 132ஐ 120க்குக் கீழே கொண்டுவர ஆயில் கூலரும் அதற்குக் காற்று வரும் வழியும் அமைக்க வேண்டும். அதுவரை இருபது நிமிட ஓட்டத்தைப் பத்தாகக் குறைத்து, இடையில் ஒரு சுற்றை மெதுவாக ஓட்ட வேண்டும். கூலர் வைத்த பிறகும் 125ஐத் தாண்டுமானால், தடத்தில் ஓட்டும் நாள்களுக்கு மட்டும் 5டபிள்யூ-50 அல்லது 10டபிள்யூ-50ஐக் கருதலாம். 60க்கு இந்த எஞ்சினில் தேவை இல்லை.

2025 மார்ச் 31

நேற்றைய குறிப்போடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று, பெட்ரோல் கலப்பு. நேரடிப் பீச்சு எஞ்சின்களில் முழு வேகத்தில் கூடுதலாக ஊட்டும் பெட்ரோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரை நனைத்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கிவிடும். ஆயிலில் ஐந்து விழுக்காடு பெட்ரோல் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிரேடு கெட்டி போய்விடும் என்று கொள்ளலாம். 40 ஊற்றியவர் தெரியாமலே 30இல் ஓட்டிக்கொண்டிருப்பார். இந்தத் தம்பியின் அழுத்தம் குறைந்ததில் சூட்டின் பங்கு எவ்வளவு, கலப்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பயன்படுத்திய ஆயிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால்தான் பிரிக்க முடியும்.

இப்போது பங்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துப் போய்விடுவதால் சூடான ஆயிலில் தங்காது. பெட்ரோலின் கனமான பகுதிகளோ 200 டிகிரி வரை ஆவியாகாதவை; தங்குபவை அவைதான். வார நாள்களில் திருநகரிலிருந்து கப்பலூர் வரை மட்டுமே போய்வரும் கார் அவற்றை வெளியேற்றும் அளவுக்குச் சூடாகாது. எனவே தடத்துக்குப் புறப்படுவதற்கு முன் ஆயில் மாற்றுவது, திரும்பி வந்த பின் மாற்றுவதைவிடப் பயனுள்ளது. இரண்டையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

2025 ஏப்ரல் 13

ஆயிலின் பிராண்டைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறீர்கள். ஆயிலின் அளவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பந்தயத்தில் ஓடி என் பட்டறைக்கு வந்த எஞ்சின்களில், ராடு பேரிங் தேய்ந்து செம்பு தெரியும் நிலைக்குக் கிரேடு காரணம் என்று நான் உறுதியாகச் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சியதே பெரும்பாலும் காரணம்.

நீண்ட வளைவில் கார் திரும்பிக்கொண்டே இருக்கும்போது சம்பில் உள்ள ஆயில் முழுவதும் வெளிப்பக்கச் சுவரில் ஏறி நிற்கிறது. உறிஞ்சு குழாயின் வாய் ஒரு நொடி வெளியே தெரிந்தாலும், அந்த நொடியில் பேரிங்குக்குப் போவது நுரையும் காற்றும். சாலை டயரில் இது நேராத கார், பிடிமானம் மிகுந்த பந்தய டயர் மாட்டியவுடன் நேரத் தொடங்கும். எந்த ஆயிலாலும் இதைத் தடுக்க முடியாது. ஆயிலோடு ஒப்பிட்டால் காற்றுக்குப் பாகுத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பது, ஓட்டத்துக்கு முன் டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஆயில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது, அழுத்தம் குறைந்தால் கண்ணில் அடிக்கும் எச்சரிக்கை விளக்கு பொருத்துவது ஆகியவைதான் வழி. மெதுவாகச் சரியும் அழுத்தம் சூட்டைக் காட்டும். வளைவில் மட்டும் திடீரென்று விழுந்து எழும் அழுத்தம் இந்த ஒதுக்கத்தைக் காட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, விழுந்து எழும் அழுத்தத்துக்குக் கெட்டி ஆயில் ஊற்றுகிறவர்கள் எஞ்சினை இழக்கிறார்கள்.

மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போகும்.

2025 ஏப்ரல் 27

பந்தயத்துக்கென்றே விற்கும் ஆயிலைப் பற்றி. மோட்டுல் 300வி என்ற ஆயிலை எடுத்துக்காட்டாகக் கேட்டிருக்கிறார்கள். 1971இல் வெளிவந்தது, அதுவரை பெற்ற 300 பந்தய வெற்றிகளைக் குறிக்கும் பெயர். எஸ்டர் அடிப்படையிலான நல்ல ஆயில், என் வண்டியிலும் ஊற்றியிருக்கிறேன். ஆனால் பந்தய ஆயில் என்ற வகையையே பொதுவாகப் பார்த்தால், அது குறைந்த மணி நேரம் கடுமையாக உழைப்பதற்கு வகுத்தது. தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம் தாராளமாக இருக்கும். மாதக்கணக்கில் அமிலத்தையும் அழுக்கையும் தாங்கும் சேர்மங்கள் குறைவாக இருக்கலாம். பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால்தான் சாலைக்கான 30 மற்றும் அதற்குக் கீழான கிரேடுகளில் அதை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தடத்துக்கு மட்டுமே போகும் வண்டிக்குப் பந்தய ஆயில் பொருத்தம். வாரம் முழுவதும் சாலையில் ஓடி, எப்போதாவது தடம் ஏறும் காருக்கு, தயாரிப்பாளரின் தகுதி பெற்ற ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவதே என் கருத்தில் மேலானது.

‘முழுச் செயற்கை’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் வகை அடிப்படை ஆயிலும், ஆய்வுக்கூட முறையில் கட்டிய நான்காம் வகையும் பல நாடுகளில் அதே பெயரில்தான் விற்கின்றன. மூன்றாம் வகை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை; 502 00 போன்ற தகுதிச் சோதனையில் தேறிய மூன்றாம் வகை ஆயில், எதிலும் தேறாத நான்காம் வகையைவிட நம்பத்தக்கது. டப்பாவில் ‘தகுதி பெற்றது’ என்று இருக்கிறதா, ‘ஏற்றது’ என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது விற்பவரின் சொல். முன்னது கார் தயாரிப்பாளரின் சோதனை.

2025 மே 14

அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் பட்டறைக்கு வந்துசேர வழியில்லாததால் இரண்டு நாள் எழுத முடியவில்லை. இதற்கிடையில் தம்பி கூலர் பொருத்திவிட்டார். கத்திரி வெயிலில் ஓட்டியும் 118 டிகிரிக்கு மேல் போகவில்லை, அழுத்தம் இறுதிவரை நின்றது என்று எழுதியிருக்கிறார். ஊற்றியது அதே 5டபிள்யூ-40. மிகுந்த மகிழ்ச்சி.

சோதனைக்கூட அறிக்கையையும் அனுப்பியிருக்கிறார். எப்படி வாசிப்பது என்று பலர் கேட்பதால் பொதுவாகச் சொல்கிறேன். இரும்பு சிலிண்டர், கேம் ஆகியவற்றிலிருந்தும், அலுமினியம் பிஸ்டனிலிருந்தும், செம்பு, ஈயம், வெள்ளீயம் பேரிங்குகளிலிருந்தும் வருகின்றன. சிலிக்கன் ஏறினால் ஏர் பில்டரைப் பாருங்கள். நம் பக்கத்துப் புழுதி அதில்தான் முதலில் தெரியும். ஒரு அறிக்கையின் தனி எண்ணைவிட, அடுத்தடுத்த அறிக்கைகளில் அது ஏறுகிறதா என்பதே முக்கியம். 100 டிகிரிப் பாகுத்தன்மை புதிய ஆயிலைவிடக் குறைந்திருந்தால் பெட்ரோல் கலப்பையும் அறுந்துபோன பாலிமரையும் ஐயப்படலாம். இவருக்குக் கலப்பு குறைவாகவே வந்திருக்கிறது, ஆக அன்றைய அழுத்தக் குறைவு பெரும்பாலும் சூட்டால் வந்ததுதான். இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. சில மைக்ரான்களுக்கு மேற்பட்ட பெரிய துகள்களை அது காணாது. ஆகவே கழற்றிய பில்டரை வெட்டித் தாளை விரித்து, வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம். பேரிங் கெடத் தொடங்கினால் பளபளக்கும் செதில் முதலில் அங்கேதான் கிடைக்கும்.

2025 மே 15

போலி ஆயில் பற்றிய எச்சரிக்கை. காலி டப்பாக்களை நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று யோசியுங்கள். ஆயில் மாற்றியவுடன் டப்பாவில் ஆணியால் துளையிட்டு, லேபிளைக் கிழித்துவிடுங்கள். வாங்குவதை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

2025 ஜூன் 8

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கேள்விக்கு, தடத்தில் ஓடும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஆயில் சூட்டில் கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது வேதியியலின் பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 130 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 100 டிகிரியில் எட்டு மணி நேரத்துக்குச் சமம். தடத்தில் முழு வேகத்தில் ஓடிய மணி நேரத்தை நோட்டில் எழுதிவையுங்கள். அது ஐந்தாறு மணி நேரத்தை எட்டினால் மாற்றிவிடுங்கள். எட்டாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 125க்கு மேல் நெடுநேரம் ஓடிய நாள் ஒன்று இருந்தால், கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள்.

ஓட்டத்தின் நடுவில் ஆயில் குறைந்து, கையில் அதே ஆயில் இல்லாவிட்டால், வேறு பிராண்டை ஊற்றலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். ஏபிஐ தரம் பெற்ற எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட, அதே கிரேடில் வேறு பிராண்ட் அரை லிட்டர் ஊற்றுவது எவ்வளவோ மேல். ஊர் திரும்பியதும் முழுவதும் மாற்றிக்கொள்ளலாம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகச் செட்டிபாளையம் போகிறவர்கள் புறப்படும்போதே அதே ஆயிலில் ஒரு லிட்டரைப் பின்பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. அளவு பார்க்கும்போது, சூடான எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆயில் கீழே இறங்கவிட்டு, சமதரையில் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகே டிப்ஸ்டிக்கை உருவுங்கள்.